பேச்சைத் திருத்துவோர்க்கு எந்தப் பரீட்சை?

பேச்சு மொழிச் சிகிச்சை என்பது நம்மவரிற் பலர் இன்னும் செவ்வனே அறியாத ஒரு கல்வித்துறை. திக்குவாயனுக்கு வார்த்தை பழக்குவதே அதன் வேலையென்று சிலர் எண்ணுகின்றனர். சங்கீத வாத்தியார் குரல் பழக்குவது போன்றதென்று வேறு சிலர் எண்ணுகின்றனர். அத்துறை அவ்வளவிற் சிறியதன்று. பாரிசவாதத்தினாற் பேச்சிழந்த முதியவர், அண்ணம் பிளந்து பிறந்த குழந்தை, மூன்று வயதாகியும் 'அம்மா' என்னாத பிள்ளை, செவிப்புலன் குன்றியமையாற் சொல் பயிலாதவர், உணவை விழுங்க இயலாது புரையேறித் தவிக்கும் நோயாளி, ஓயாது கத்திக் குரல் கம்மிப்போன ஆசிரியர் (எம்மினத்தாரிற் பலர் இவ்வகையினர்) ஆகிய யாவரும் அத்துறையாரின் கவனத்துக்கு உரியவர்கள்.

இலங்கையில் இதற்கான முறையான பயிற்சி 1997 ஆம் ஆண்டிலே களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில், றாகமையில், டிப்ளோமாக் கல்வியாகத் தொடங்கிற்று. 2008 இல் அது நான்காண்டுப் பட்டப்படிப்பாயிற்று. அதன்மேலும் கற்கவிரும்பி இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்வோர் உளர். அவ்வாறு முதுநிலைக் கல்விக்குப் புறநாடு சென்ற மாணவி ஒருத்தி, முன்னாளில் என்னிடம் நன்னூல் பயின்றவள், விடுமுறையில் வந்தபோது கிருலப்பனையிலுள்ள என் இல்லத்துக்கும் வந்து ஒரு கேள்வி கேட்டாள்: "ஐயா, கடைசியிலே ஆய்வேடு எழுதலாம். இல்லாட்டி எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய சோதினை எடுக்கலாம். அதுவும் வேண்டாமெண்டால், பார்த்த நோயாளரைப் பற்றின கோவை ஒண்டைக் குடுத்து வாய்மொழியாய் விளக்கலாம். எதை எடுக்கிறது?"

இலக்கணம் கற்பிப்பவனிடம் இக்கேள்வி வருவானேன் என்று வாசகர் வியக்கலாம். தமிழ் பேசும் நோயாளியை முன்னிட்டு நோக்கினால் இது தமிழாசிரியரும் வாய் திறக்க வேண்டிய விடயமே என்பது என் துணிபு.

மேற்சொன்ன மூன்று வழிகளையும் மாணவர் விருப்பத்துக்கு விடும் வழக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. ஆனால் அங்கே பல்கலைக்கழகத்தின் இறுதிப் பரீட்சை மட்டுந்தான் வாயில் என்று எண்ணிவிடலாகாது. 1925 இல் தோன்றிய அந்நாட்டுப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் வழங்கும் தகுதிச் சான்றிதழைப் பெற விரும்புவோர், நோயாளரிடையே 400 மணி நேரம் பழகியிருத்தல் வேண்டும். இதில் 25 மணி நேரம் பார்த்திருத்தல்; எஞ்சியது கைப்படச் செய்தல். 'பிராக்சிஸ்' எனப்படும் தேசியப் பரீட்சையில், 132 வினாக்களுக்கு 150 நிமிடங்களில் விடை குறித்து, 100 முதல் 200 வரையான அளவையில் 162 புள்ளியாவது பெறுதல் வேண்டும். அதற்கு மேலும் குறைந்தது 36 வாரங்கள் மூத்தோர் ஒருவரின் மேற்பார்வையிற் பணியாற்றுதல் வேண்டும். இத்தனை வாயில்கள் இருக்கும் இடத்தில் ஒரு வாயிலை விருப்பத்துக்கு விடுவதில் இடரில்லை. ஆனால் அவ்வாயில்கள் யாவும் ஆங்கிலம் பேசும் நாட்டுக்கு அமைந்தவை. அவற்றையெல்லாம் கடந்து வந்தவர் ஒரு தமிழ்க் குழந்தையின் நாவிலிருந்து வரும் ளகரத்தைக் கேட்டறியவல்லவரா என்பதை அவற்றுள் எதுவும் வினவுவதில்லை.

இந்தியாவில் வழக்கம் வேறு. 1965 இல் நிறுவப்பெற்ற மைசூர் அகில இந்தியப் பேச்சு செவிப்புல நிறுவனத்தில் முதுநிலை மாணவர் ஆய்வேடு எழுதும் மரபு நெடுங்காலமாக நின்று நிலவுகின்றது. அம்மரபினாற் தமிழுக்கு விளைந்த ஒரு நன்மையை இங்கே சொல்லுதல் தகும். தமிழ்க் குழந்தைகளின் ஒலிப்பைச் சோதிப்பதற்கான சோதனை ஒன்று 1986 இல் அங்கே முதுநிலை மாணவி ஒருவரின் ஆய்வேடாக எழுந்தது. பேராசிரியர் குழுவொன்று பெரும்பொருள் செலவிட்டுச் செய்ததன்று அது. பட்டம் பெறுதற்பொருட்டு ஒரு மாணவி செய்த வேலை. பின்வந்த தமிழ் ஆய்வாளர் பலர் அதனையே எடுத்தாண்டனர். அம்மாணவிக்கு அன்று "ஆய்வேடு வேண்டாம், பரீட்சை எழுதினாற் போதும்" என்று ஒரு சலுகை இருந்திருப்பின் அச்சோதனை பிறந்திருக்குமோ என்பது ஐயமே.

ஆங்கிலத்துக்கு இச்சோதனைகள் குவிந்து கிடக்கின்றன. ஆங்கில மாணவர் ஒருவர் ஆய்வேடு எழுதாது விட்டால் அம்மொழிக்கு ஒரு குறைவும் நேராது. நமக்கோ எந்த ஒலி எந்த வயதிற் குழந்தையின் நாவில் அமைகின்றது, மலைநாட்டுப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் அதில் வேற்றுமை உண்டா என்பன போன்ற அடிப்படை விடயங்களே இன்னும் விரிவாக அளந்து எழுதப்பட வேண்டியிருக்கின்றன. ஆகலின் தமிழ் மாணவர்க்கு ஆய்வேடு என்பது மற்றையோர்க்குப் போன்று பல வழிகளுள் ஒரு வழியன்று. அவருடைய மொழிக்கு அவர் செலுத்தக்கூடிய கடன் அது.

இதனாலே ஆய்வேடு எழுதுவோர் யாவரும் மேதைகள் என்றும், பரீட்சை எழுதுவோர் யாவரும் மந்தர்கள் என்றும் கொள்ளற்க. அப்படி ஒரு பேச்சு மாணவரிடையே உலவுகின்றது, அது பொய். நான் கண்ட ஆய்வேடுகளிற் சில (எத்துறையின, எவ்விடத்தன என்று சொல்லேன்) ஆங்கிலத்தில் உள்ளதொரு வினாக்கொத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, முப்பது பிள்ளைகளிடம் நீட்டி, நூற்றுவீதம் கணக்கிட்டு, அழகான அட்டை கட்டி நூலகத்தில் உறங்கவிடப்பட்டவை. அத்தகைய ஏட்டினும், முழுப்பாடத்தையும் ஒருங்கே நினைவிற் கொண்டு எழுதும் பெரும் பரீட்சை நூறு மடங்கு நன்று. நினைவாற்றலைச் சோதிக்கும் பரீட்சையை இகழ்வது இப்போது ஒரு நாகரிகமாயிற்று. 1901 இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1921 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் நடத்திய பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் பரீட்சைகளில் தேறியவர்கள் சூத்திரத்தை நெஞ்சில் வைத்திருந்தார்கள். வேண்டிய கணத்தில் அது நாவில் வந்து நின்றது. நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்கும் அந்தக் கணம் வரும். புரையேறி நோயாளியின் முகம் நீலம் பாரிக்கையில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் இராது.

வாய்மொழிப் பரீட்சையும் நமக்குப் புதிதன்று. கந்தபுராணம் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேறிய வரலாற்றைக் கேளாத யாழ்ப்பாணத்தார் இலர். முதலடியின் புணர்ச்சிக்கு விதி எங்கே என்று அவையில் ஒருவர் தடைநிகழ்த்த, கச்சியப்பர் விடை காணாது கலங்கினார் என்றும், மறுநாள் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதியைக் காட்ட அவை அமைந்தது என்றும் மரபு கூறும். அது கதையேயாயினும் அதனுள் ஒரு பரீட்சை முறை இருக்கின்றது. நூல் எழுதியவன் நூலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. அறிந்தோர் அவையில் நின்று, 'ஏன் இவ்வாறு செய்தாய்?' என்ற வினாவுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். நோயாளர் கோவையை வைத்து வாய்மொழியாக விளக்கும் மூன்றாம் வழி இதனோடு ஒத்தது, நல்லது. ஆனால் அங்கும் நோயாளி ஏட்டில் இருக்கிறார், அறையில் இல்லை. ஏட்டிலுள்ள நோயாளி மாணவர் சொன்ன சொல்லைத்தான் சொல்வார், எதிர்த்துப் பேசார், அழார், மேசைக்குக் கீழே போய் ஒளித்துக்கொள்ளார்.

எனவே எவ்வழியைத் தெரியினும், தமிழ் பேசும் நோயாளியோடு பணிசெய்யப் புகுவோர் அத்தகைய நோயாளி ஒருவரோடு பரீட்சகர் காணத் தமிழிற் பேசிக் காட்டுதல் கட்டாயமாதல் வேண்டும் என்பது என் கருத்து. இது விருப்பத்துக்கு விடும் விடயமன்று.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தமிழின் ஒலியமைப்பிலேயே இருக்கின்றது. தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழுங் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் அமைதியால் வெவ்வேறு எழுத்தாகப் பிறத்தலை விளக்குகின்றார். இலகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே நா செய்யும் தொழில் ஒற்றுதலா வருடுதலா என்பது வரை பிரித்துக் காட்டுகின்றார். 'வால்' வேறு, 'வாள்' வேறு. 'மனம்' வேறு, 'மணம்' வேறு. இன்றைய சிங்களப் பேச்சிலோ, எழுத்தில் வேறுபாடு இருந்தும், இவ்விரு இணைகளும் ஒலியில் ஒன்றாய்விட்டன. சிங்கள அன்பர்கள் இத்துறையில் ஆற்றிவரும் தொண்டு பெரிது. தமிழ்க் குழந்தைகளும் அவர்களாற் பயன்பெற்றுள்ளன. ஆயினும் தம் மொழியில் இல்லாத வேறுபாட்டைச் செவி இலகுவிற் பற்றாது. அது எவர்க்கும் இயல்பு. சிங்களத்திற் பகரமும் அதன் உரத்த ஒலியும் இருவேறு எழுத்துக்கள், பொருளை வேறுபடுத்துவன. தமிழில் ஒரே பகரம் 'பல்' என்புழி ஒருவாறும் 'அம்பு' என்புழி வேறொருவாறும் ஒலிக்கும். அதனை நாம் உணர்வதும் இல்லை. தமிழ்ப் பரீட்சார்த்தி சிங்களக் குழந்தையைச் சோதிக்கப் போனால் அவருடைய செவியும் இவ்வாறே ஏமாறும். நோயாளியின் மொழியிலே செவியைச் சோதியாத பரீட்சை, எந்தப் பெயருடையதாயினும், பாதிப் பரீட்சையே.

இனி, தமிழுக்குள்ளேயே உள்ள சிக்கலைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். மழை 'மளை'யாகும், கிழவி 'கிளவி'யாவாள். (தொல்காப்பியர்க்குக் கிளவி என்பது சொல், எங்கள் ஊரிற் கிழவியே சொல்லாகிவிட்டாள். சொல்லுக்குப் பஞ்சமில்லாத கிழவியர் உள்ள ஊர்தான்.) சென்னைப் பாமரர் வாயில் அதே ழகரம் யகரமாவதும் உண்டு. 'வெற்றி' என்பதில் உள்ள இரட்டை றகரத்தை ஈழத்தார் ஒலிப்பது ஒருவிதம், தமிழ்நாட்டார் ஒலிப்பது வேறொருவிதம். அதனாலேயே நாம் 'ரிக்கற்' என்று எழுதுவதை அவர்கள் 'டிக்கெட்' என்று எழுதுகின்றனர். இப்போது ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று 'வாளைப்பளம்' என்கின்றது. இது நோயா, வழக்கா? பிள்ளையின் தாயும் தந்தையும் பேரனும் அப்படியே சொல்வராயின் அது வழக்கு. அதைத் திருத்துவது எம்போன்ற தமிழாசிரியர் வேலை, சிகிச்சையாளர் வேலையன்று. வட்டார வழக்கு நோயாகாது என்பதை அமெரிக்கச் சங்கம் 1983 ஆம் ஆண்டிலேயே தன் கொள்கையாக அறிவித்தது. பரீட்சை அறையில் உயிருள்ள பிள்ளையோடு இருத்தினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், மாணவர் இவ்வேறுபாட்டை அறிந்தவரா என்பது.

கிருலப்பனையில் என் அயலிலே வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறொரு நிலைமை. வீட்டில் தமிழ், ஒழுங்கையிற் சிங்களம், பாலர் பாடசாலையில் ஆங்கிலம். பிள்ளை பேசத் தாமதித்தால், "மூன்று பாஷை பேசுவதாற் குழம்பிவிட்டது, தமிழை விட்டுவிடுங்கள்" என்று புத்தி சொல்வாரும் உளர். பல மொழி கேட்பதனாற் பேச்சு நோய் உண்டாவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. அப்பிள்ளையின் ஆற்றலை அதன் மொழிகள் அனைத்தையும் கூட்டி அளத்தல் வேண்டும். தாயின் மொழியைக் கைவிடச் சொல்லும் மாணவரை, நான் பரீட்சகனாயின், ஏனைய பாடங்களில் எத்துணைப் புள்ளி பெற்றிருப்பினும் தேறவிடேன். அந்தத் தாய் தமிழைத் தவிர வேறொன்றிற் பிள்ளையைக் கொஞ்ச அறியாதவளாயிருப்பாள்.

முதியவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. பேச்சிழந்தவர் பொருள்களின் பெயரைச் சொல்கிறாரா என அறிய 'பொஸ்ரன் பெயரிடற் சோதனை' என ஒன்று உலகெங்கும் வழங்குகின்றது. அறுபது படங்கள் உடையது. அப்படங்களுள் எஸ்கிமோவரின் பனிக்குடில் உண்டு. பீவர் என்னும் நீர்வாழ் பிராணி உண்டு. பிரெற்சல் என்னும் முறுகற் பலகாரம் உண்டு. வெள்ளவத்தைச் சந்தையிலே முப்பது வருடம் மரக்கறி விற்ற ஒருவர் பீவரின் பெயரைச் சொல்லாது விழித்தால் அது மூளையின் குற்றமன்று. இதற்கு நேர்மாறான அற்புதமும் ஒன்றுண்டு. 'தண்ணீர்' என்று கேட்க மாட்டாதவர் சிறுவயதில் மனனஞ் செய்த தேவாரத்தைத் தொடங்கிவைத்தால் கூடவே பாடிவிடுவார். பழகிய பாட்டும் பிரார்த்தனையும் எண்ணிக்கையும் பலரிடத்தில் எஞ்சி நிற்கும். பொஸ்ரன் நகர வைத்தியர்கள் 1973 இல் இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு இசை வழியே பேச்சை மீட்கும் ஒரு முறையையும் வகுத்தனர். நோயாளி சைவரா, கிறிஸ்தவரா, இஸ்லாமியரா. எப்பாட்டை எவ்வயதிற் பயின்றிருப்பார் என்பதறிந்து எடுத்துக்கொடுக்க மாணவர்க்குத் தெரிதல் வேண்டும். எழுத்துப் பரீட்சையில் இதற்கு வினா அமைப்பது அரிது.

கடைசியாக ஒன்று. பரீட்சை முடிவில் தாய் கேட்பாள்: "மிஸ், பிள்ளை எப்ப கதைக்கும்?" நான்காண்டும் அதற்கு மேலும் ஆங்கிலத்திலேயே கற்ற மாணவர் இங்கேதான் தடுமாறுவது. 'லாங்குவேஜ் டிலே' என்பார், தாய் தலையாட்டுவாள், ஒன்றும் விளங்கியிராது. மொழி வளர்ச்சி பிந்தியிருக்கிறது, ஆனால் பிள்ளைக்குக் கேட்கிறது, விளங்குகிறது, நீங்கள் வீட்டில் இன்ன இன்ன செய்யுங்கள் என்று கலைச்சொல் இன்றி, பொய்யான நம்பிக்கையும் கொடாது, பயமுறுத்தவும் செய்யாது சொல்லுதல் ஒரு கலை. அதற்குத் தனியே புள்ளி ஒதுக்க வேண்டும், குறைவாக அல்ல.

இதற்கு ஒரு தடை சொல்வார்கள், அத்தடை நியாயமானதுதான். ஒரு மாணவர்க்குச் சாந்தமான பிள்ளை வாய்க்கும், இன்னொருவர்க்கு அழுது புரளும் பிள்ளை வாய்க்கும். சமநீதி எங்கே என்பர். வைத்தியக் கல்வியில் இதே தடை எழுந்தபோது ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975 இல் ஒரு வழி கண்டார். பல மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரே வகைப் பணி, மாணவர் யாவரும் மணியடிக்க மணியடிக்க ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வர். நோயாளியாக நடிக்கப் பழக்கப்பட்டவரையும் அமர்த்துவதுண்டு. தாய்க்கு விளக்கஞ் சொல்லும் பகுதியை இவ்வாறு நடத்தலாம், நடிகையே தாயாகலாம். மூன்று வயதுக் குழந்தையாக நடிக்க எவராலும் ஆகாது. அதற்கு ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் கொண்டு, எல்லா மாணவர்க்கும் ஒரே குழந்தையைக் காட்டிக் கேட்கச் செய்யலாம். அதன்பின் உண்மையான நோயாளி ஒருவரோடு அரைமணி நேரம் இருத்துதல் வேண்டும். சமநீதி நோக்கி இந்த அரைமணியையும் விட்டுவிடுவோமாயின், மாணவர்க்கு நீதி செய்து நோயாளிக்கு அநீதி செய்தவராவோம்.

தமிழறிந்த பரீட்சகருக்கு எங்கே போவது என்பது இரண்டாவது தடை. சிகிச்சை நுட்பத்தை அத்துறை வல்லுநரே அளக்கட்டும். அவரருகே ஒலி நுட்பம் அறிந்த தமிழாசிரியர் ஒருவர் இருந்து, பிள்ளை சொன்னது யாது, மாணவர் அதை எவ்வாறு குறித்தார் என்பதை மட்டும் ஒப்பு நோக்கலாம். பிறப்பியலை வகுப்பில் ஒப்புவிக்கச் செய்து புள்ளியிடும் நாம், அதனை ஒரு பிள்ளையின் வாயருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை வேண்டாமென்போமா? ஆய்வேடு எழுதத் துணியும் மாணவர்க்கும் நம்மால் ஆவதுண்டு. நெடுந்தீவிலும் மூதூரிலும் ஹற்றனிலும் கொட்டாஞ்சேனையிலும் ஐந்து வயதுப் பிள்ளை அன்றாடம் வழங்கும் சொற்கள் எவை, ஒரே படத்தைக் காட்டினால் எவ்வூர்ப் பிள்ளை என்ன பெயர் சொல்லும் என்பதை அவ்வவ்வூர் ஆசிரியரே தொகுத்துத் தரலாம். ஓர் ஊருக்கு இருநூறு சொல் போதும். கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்றதொரு சபை அப்பட்டியல்களைப் பெற்று வைத்திருக்குமாயின், அடுத்த ஆண்டு ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும் மாணவி ஆங்கில வினாக்கொத்தைப் பெயர்க்க வேண்டியிராது.